வூட்சன் என்னும் வரலாற்றாசிரியர்

'வரலாற்றாசிரியர்' என்ற சொல் தமிழில் இரு பொருள்பட வழங்கி வருகிறது. வரலாற்றை ஆராய்ந்து எழுதுபவரையும் அது குறிக்கும். பாடசாலையிலே வரலாற்றைப் பாடமாகக் கற்பிப்பவரையும் அது குறிக்கும். ஆங்கிலம் இவ்விருவருக்கும் வெவ்வேறு பெயர்களைத் தந்திருக்கிறது. பெயர் வேறுபட்டதோடு மதிப்பும் வேறுபட்டுவிட்டது. ஆவணங்களைத் துருவி நூல் எழுதுபவர் அறிஞர் என்றும், அந்நூலின் சாரத்தை வகுப்பிலே சொல்லிக் கொடுப்பவர் அவருக்கு ஒரு படி கீழே நிற்பவர் என்றும் கருதும் மனப்பாங்கு பல்கலைக்கழகச் சூழலில் வாழும் நம்மிடையே இல்லை என்று துணிந்து கூற முடியுமா? இப்பிரிவினையைத் தம் வாழ்க்கையினாலேயே பொய்ப்பித்த ஒருவரைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கார்ட்டர் ஜி. வூட்சன்.

வூட்சனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரை ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக் கலாநிதி என்றே அறிமுகஞ் செய்வர். 1912இல் அப்பட்டத்தை அவர் பெற்றார். அங்கு கலாநிதிப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவருள் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் என்பாருக்கு அடுத்தவர் அவரே. அடிமைகளாய் இருந்த பெற்றோருக்குப் பிறந்து வரலாற்றிலே கலாநிதியானோருள் முதல்வர் என்ற பெருமையும் அவருக்குண்டு. இவையெல்லாம் உண்மையே. எனினும் அப்பட்டத்தைப் பெற்ற காலத்திலும், அதன் பின் பல ஆண்டுகளும், வூட்சன் ஓர் உயர்தரப் பாடசாலையின் ஆசிரியராகவே இருந்தார் என்பதை அவ்வறிமுகங்கள் ஓரிரு சொற்களிற் கடந்து செல்கின்றன. அவருடைய முதலாவது நூல் வெளிவந்ததும், அவருடைய சங்கமும் சஞ்சிகையும் தோன்றியதும் அப்பாடசாலை ஆசிரியரின் கைகளாலேயே. வரலாறு எதற்காகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது பற்றி அவர் கொண்ட கருத்துக்கள் ஹார்வார்டில் உருவானவையல்ல. அவை நிலக்கரிச் சுரங்கத்திலும், ஆசியத் தீவொன்றின் வகுப்பறையிலும், வாஷிங்டன் நகரப் பாடசாலையொன்றிலும் உருவானவை.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிடுதல் வேண்டும். வூட்சன் தம் நூல்களிலும் நிறுவனத்தின் பெயரிலும் 'நீக்ரோ' என்ற சொல்லையே வழங்கினார். அக்காலத்தில் அம்மக்கள் தாமே விரும்பி ஏற்ற சொல் அது. இன்று அது வழக்கிறந்துவிட்டமையால் பெயர்களில் மட்டும் அதனை வைத்துக்கொண்டு, ஏனைய இடங்களிற் கறுப்பின மக்கள் என்றே எழுதுகிறேன்.

வூட்சன் 1875ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆந் திகதி வெர்ஜீனியா மாநிலத்து நியூ கன்ரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தைக்கு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. அதை அவருடைய குறையென்று கொள்வதற்கில்லை. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பவர்களுக்கு நூறு பவுண் தண்டம் என்று தென் கரோலினா 1740ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்திருந்தது. நற் டேணர் என்பவர் தலைமையில் 1831இல் வெர்ஜீனியாவில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சிக்குப் பின்னர் அத்தகைய தடைகள் தென்பகுதி எங்கும் கடுமையாயின. எழுத்தறிதல் ஒரு குற்றமாயிருந்த நாட்டிலே வளர்ந்த தந்தைக்குப் பத்திரிகையை உரக்க வாசித்துக் காட்டுவது சிறுவன் வூட்சனின் வேலையாயிற்று. ஆண்டிற் சில மாதங்களே நடைபெற்ற ஊர்ப் பாடசாலையில் அவனுக்குக் கற்பித்தவர்கள் அவனுடைய தாய்மாமன்மார் இருவர். எஞ்சிய மாதங்கள் தோட்டத்து வேலைக்கு உரியவை.

பதினேழு வயதளவில் வூட்சன் மேற்கு வெர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கூலிவேலை தேடிச் சென்றார். அவருடைய கல்வி வாழ்க்கையில் இது ஒரு தடை என்று கொள்ளுதல் இயல்பு. ஆனால் அவரோ தம் கல்வியின் மெய்யான தொடக்கம் அங்கேயே நிகழ்ந்தது என்று கருதினார் எனத் தோன்றுகிறது. உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட முதியோரைப் பற்றி 1944இல் அவர் எழுதிய நினைவுக் கட்டுரையிலே ஒலிவர் ஜோன்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளியைப் பற்றி விரிவாகக் கூறியுள்ளார். ஜோன்ஸ் அப்போரிலே பணிபுரிந்தவர். தம் வீட்டைத் தொழிலாளர் மாலைவேளையில் வந்திருந்து உண்டு பேசும் இடமாக ஆக்கியிருந்தார். கறுப்பின மக்களின் சாதனைகள் பற்றி அதுவரை வெளிவந்திருந்த நூல்கள் சிலவும் அவ்வீட்டில் இருந்தன. கறுப்பினப் படையணிகளைப் பற்றி ஜோர்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் எழுதிய நூலும் அவற்றுள் ஒன்று. நூல்கள் இருந்தன, ஆனால் ஜோன்ஸுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் கிடைத்ததும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வூட்சன் நூல்களையும் பத்திரிகைகளையும் வாசித்துக் காட்டுவார். அதற்கு ஈடாக அவ்வீட்டிற் கிடைக்கும் பழவகைகளையும் தின்பண்டங்களையும் பணமின்றிப் பெற்றுக்கொள்வார்.

அம்மாலை வேளைகளில் நிகழ்ந்தவற்றைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். வரிக் கொள்கை, வெள்ளி நாணயம் முதலாக அக்காலத்து அரசியல் விவாதங்கள் யாவும் வாசிக்கப்பட்டன. வாசித்து முடிந்ததும் கேட்டிருந்தோர் பேசத் தொடங்குவர். போர்க்களத்தைக் கண்டவர்கள் போரைப் பற்றி எழுதப்பட்டதைக் கேட்டுத் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டனர். நூலிற் கூறப்பட்டதற்கும் நேரிற் கண்டதற்கும் இடையிலான வேறுபாட்டை இளைஞன் ஒருவன் அருகிருந்து கேட்டான். மூலாதாரத் திறனாய்வு என்று நாம் விரிவுரை மண்டபத்திலே கற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எழுதப் படிக்க அறியாதவராயினும் ஜோன்ஸ் கல்வியுடைய மனிதர் என்றே வூட்சன் அவரைக் குறிப்பிடுகிறார். எழுத்தறிவும் கல்வியும் ஒன்றல்ல என்ற இக்கருத்து அவருடைய பிற்கால எழுத்துக்களிலே மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதாகும். தம் இனத்தின் கடந்தகாலத்தைத் துருவி அறியவேண்டும் என்ற ஆவல் வலுப்பெற்றதும் அவ்வீட்டிலேதான் என்கிறார் அவர்.

1895இல், இருபது வயதை அண்மிய நிலையில், ஹண்டிங்ரன் நகரத்து டக்ளஸ் உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்த வூட்சன் அங்கு கற்கவேண்டியதை ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளிற் கற்று முடித்தார். பின்னர் சுரங்கத் தொழிலாளர் தம் பிள்ளைகளுக்கென நிறுவிய வினோனாப் பாடசாலையிற் கற்பித்தார். 1900இல் தாம் கற்ற டக்ளஸ் பாடசாலைக்கே அதிபராகத் திரும்பி வந்தார். இடையிடையே கென்ரக்கி மாநிலத்து பெரியா கல்லூரியிற் பயின்று 1903இற் பட்டமும் பெற்றார். வெள்ளை மாணவரும் கறுப்பு மாணவரும் ஒருங்கிருந்து பயின்ற அரிய கல்லூரி அது. அவர் பட்டம் பெற்ற மறு ஆண்டே, இரு இனத்தவரும் ஒரே நிறுவனத்திற் பயில்வதைத் தடுக்கும் சட்டமொன்றைக் கென்ரக்கி நிறைவேற்றியது. 1908இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்திற்று.

அவ்வேளையில் வூட்சன் கடல் கடந்திருந்தார். 1903 முதல் 1907 வரை அவர் பிலிப்பைன் தீவுகளில் அமெரிக்க அரசின் ஊதியம் பெறும் ஆசிரியராகப் பணியாற்றினார். ஸ்பானியரிடமிருந்து 1898இல் அத்தீவுகளைப் பெற்றுக்கொண்ட அமெரிக்கா, சுதந்திரங் கோரிய பிலிப்பைன் மக்களுடன் கொடிய போரொன்றை நடத்தி, 1902இல் அது முடிவுற்றதாக அறிவித்திருந்தது. போரின் பின்னே பாடசாலை வந்தது. 1901ஆம் ஆண்டு தோமஸ் என்னும் கப்பலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கினர். கல்விமொழி ஆங்கிலமாயிற்று. அமெரிக்கப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட வாசிப்பு நூல்களே பிலிப்பைன் பிள்ளைகளின் கைகளிலும் கொடுக்கப்பட்டன. நுவேவா எசிஹா மாகாணத்து சான் இசித்ரோ என்னும் ஊரிலும், பின்னர் பங்கசினான் மாகாணத்து அக்னோ என்னும் ஊரிலும் வூட்சன் பணிபுரிந்தார். தொலைவழிப் பாடங்களின் மூலம் ஸ்பானிய மொழியையும் அங்கிருந்தே கற்றுக்கொண்டார்.

முப்பது ஆண்டுகளின் பின் எழுதிய 'நீக்ரோவின் பிழைக்கல்வி' (1933) என்ற நூலிலே பிலிப்பைன் அனுபவமொன்றை அவர் எடுத்துக் கூறுகிறார். அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெற்றுவந்த ஆசிரியர்கள் அங்கு தோல்வி கண்டனராம். கற்பித்தல் முறைகளை நன்கு கற்றிருந்த அவர்கள், எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளை அறிந்திருக்கவில்லை. வெற்றி கண்டவரோ முன்னர் ஒருபோதும் கற்பித்திராத காப்புறுதி முகவர் ஒருவர். அவர் பிள்ளைகளின் சுற்றுப்புறத்திற் கிடைக்கும் பொருள்களால் வகுப்பறையை நிரப்பினார். தரப்பட்ட நூல்கள் அப்பிள்ளைகளுக்கு ஒவ்வாமையால் ஆரம்பத்தில் நூல்களை அதிகம் எடுக்கவேயில்லை. அப்பிள் மரத்தை உலுக்குவது பற்றிய அமெரிக்கச் சிறுவர் பாட்டொன்று பாடநூலில் இருந்தது. அப்பிள் மரத்தை அங்கு எந்தப் பிள்ளை கண்டது? அவர் அப்பிளை நீக்கிவிட்டு லொம்போய் மரத்தை அதில் வைத்துப் பாடுவித்தார். பிள்ளைகள் ஏறி உலுக்கிப் பழகிய மரம் அது.

லொம்போய் என்று அத்தீவுகளில் வழங்கும் மரம் நமக்கு அந்நியமானதன்று. நம்மூர் நாவல் மரமே அது. நாக்கு நாவல் நிறமாக மாறும்வரை பழம் பொறுக்கித் தின்ற எவருக்கும் அக்காப்புறுதி முகவரின் கல்வித் தத்துவத்தை விளக்கவேண்டிய தேவையில்லை.

வரலாற்றுப் பாடத்திலும் அவர் அவ்வாறே செய்தார். பொய்யே பேசாத ஜோர்ஜ் வாஷிங்டனைப் பற்றிய கதையை விடுத்து, அத்தீவுகளின் வீரராகிய ஹொசே ரிசாலின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினார். ரிசால் 1896 டிசெம்பர் 30ஆந் திகதி ஸ்பானிய ஆட்சியினராற் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவருடைய கதையை அப்பிள்ளைகளின் பெற்றோர் அறிந்திருந்தனர். அறிந்ததிலிருந்து தொடங்கிய பின்னரே அறியாத உலகத்துக்கு அவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். பாடசாலைக்கு வருவது பிள்ளைகளுக்கு இன்பமாயிற்று.

இக்கதையை வூட்சன் கூறும் முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரிசாலைக் கற்பிப்பது துணிச்சலான செயல் போல அதிலே தோன்றுகிறது. உண்மையில் ரிசாலைப் புதிய ஆட்சியாளரும் விரும்பினர். 1901இல் மாகாணமொன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்கள் அமெரிக்கரே. ஆயுதக் கிளர்ச்சியை ஆதரிக்காதவரும், தங்களோடன்றி ஸ்பானியரோடு முரண்பட்டவருமான ஒரு தியாகி அவர்களுக்கு வசதியானவராக இருந்தார். பிலிப்பைன் கொடியைப் பறக்கவிடுவதையே 1907இல் சட்டத்தினால் தடுத்த ஆட்சி அது. அவ்வாட்சியின் சம்பளப் பட்டியலில் வூட்சனின் பெயரும் இருந்தது. எந்த வீரரைக் கற்பிப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற வினாவைத் தம் நாட்டைப் பற்றி அத்துணைக் கூர்மையாகக் கேட்டவர், பிலிப்பைன் தீவுகளைப் பற்றிக் கேட்காது விட்டமை வியப்பே. அவ்வினாவைக் கேட்டவர் பிலிப்பைன் வரலாற்றாய்வாளர் றெனாற்றோ கொன்ஸ்தந்தீனோ. 1966இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பு 'பிலிப்பைனியரின் பிழைக்கல்வி' என்பதாகும். ரிசாலை அமெரிக்கர் ஏன் உயர்த்திப் பிடித்தனர் என்பதை 1969இல் இன்னொரு கட்டுரையிலே அவர் ஆராய்ந்தார்.

நாடு திரும்பிய வூட்சன் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1908இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். ஹார்வார்டிற் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தபின், 1909இல் வாஷிங்டன் நகரத்து 'எம் வீதி உயர்தரப் பாடசாலை'யில் ஆசிரியரானார். காங்கிரஸ் நூலகம் அந்நகரில் இருந்தமை அவருக்கு வாய்ப்பாயிற்று. பகலிற் பிரெஞ்சு, ஸ்பானியம், ஆங்கிலம், வரலாறு ஆகியவற்றைக் கற்பிப்பார். எஞ்சிய நேரத்தில் நூலகத்திலிருந்து ஆய்வேட்டை எழுதுவார். அவ்வாய்வேடு மேற்கு வெர்ஜீனியா தனி மாநிலமாகப் பிரிந்ததைப் பற்றியது. கறுப்பின மக்களைப் பற்றியதன்று.

எம் வீதிப் பாடசாலையைச் சாதாரண பாடசாலையாக எண்ணிவிடலாகாது. 1870இல் தேவாலயமொன்றின் நிலவறையில் தொடங்கிய அது, கறுப்பின மாணவர்க்கென அமெரிக்காவில் எழுந்த முதலாவது அரச உயர்தரப் பாடசாலையாகும். பட்டம் பெற்ற கறுப்பினத்தவருக்குப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அடைபட்டிருந்தன. அதனால் வேறெங்கும் விரிவுரையாளராக இருந்திருக்கக்கூடியவர்கள் அப்பாடசாலையில் ஆசிரியராயினர். பின்னாளில் பாரிஸிலே கலாநிதிப் பட்டம் பெற்ற அனா ஜூலியா கூப்பர் அங்கு இலத்தீன் கற்பித்தார்; நாவலாசிரியை ஜெஸ்ஸி போசெற் பிரெஞ்சு கற்பித்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தச்சுத் தொழிலும் சமையலும் போதும், இலத்தீன் எதற்கு என்ற வாதம் அந்நகரில் ஓயாது நடந்துகொண்டிருந்தது. இலத்தீனை விட்டுக்கொடுக்க மறுத்த கூப்பர், 1906இல் தம் அதிபர் பதவியை இழக்க நேரிட்டது.

அக்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட வரலாறு எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். அடிமைமுறை ஒழிந்தபின் தென்பகுதியிலே கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்று ஆட்சியிற் பங்குகொண்ட காலத்தைப் பெரும் சீரழிவுக் காலமாகவே கொலம்பியாப் பல்கலைக்கழகத்து டனிங்கும் அவர் மாணாக்கரும் சித்திரித்தனர். அக்கருத்தையே கதையாக்கிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற திரைப்படம் 1915இல் வெள்ளை மாளிகையிலே திரையிடப்பட்டது. பார்த்தவருள் ஒருவர் சனாதிபதி வில்சன். அவரும் ஒரு கலாநிதியே. அமெரிக்க மக்களின் வரலாற்றை எழுதியவரே. அவருடைய வரிகள் அத்திரைப்படத்தில் எடுத்தாளப்பட்டிருந்தன. எம் வீதிப் பாடசாலையும் அம்மாளிகை இருந்த நகரத்திலேயே இருந்தது.

அதே ஆண்டில் வூட்சனின் முதல் நூலாகிய '1861க்கு முன் நீக்ரோக்களின் கல்வி' வெளிவந்தது. ஆசிரியர் ஒருவர் எழுதத்தக்க பொருள் இதைவிட வேறுண்டோ? அடிமைகளுக்குக் கல்வி புகட்டுவது பயன் தரும் என்று எசமானருட் பலர் கருதிய காலம் ஒன்று இருந்தது என்றும், 1830களில் கிளர்ச்சிகளைக் கண்டு அஞ்சியபின் அக்கல்வி தடைசெய்யப்பட்டது என்றும் அவர் காட்டினார். எழுத்தறிந்த அடிமை நெடுநாள் அடிமையாக இருக்கமாட்டான் என்பதைத் தடைசெய்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். தடையை மீறி இரகசியமாய் நடந்த பாடசாலைகளைப் பற்றியும், தண்டனைக்கு அஞ்சாது எழுத்தைத் திருடிக் கற்றோரைப் பற்றியும் அந்நூல் கூறுகிறது. கல்விமீது ஒரு மக்கட்கூட்டம் கொண்ட வேட்கைக்குச் சான்றுகளைத் தேடித் தொகுத்தவர், எழுத்தறியாத தந்தைக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டிய மகன் என்பதை மறந்துவிட்டு அதனை வாசிப்பது கடினம்.

1915 செப்டெம்பர் 9ஆந் திகதி சிக்காகோவிலே ஒரு சிலருடன் கூடி, நீக்ரோ வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கத்தை வூட்சன் நிறுவினார். 1916 ஜனவரியில் 'நீக்ரோ வரலாற்றுச் சஞ்சிகை'யின் முதலிதழ் வந்தது. சங்கத்தின் செயற்குழுவைக் கேளாமலே, தம் சொந்தப் பொறுப்பில் அதனை அச்சிட்டுவிட்டார். இது அவருடைய இயல்பு. யாரோடும் எளிதில் ஒத்துப்போகாதவர் அவர். 1919இல் ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்குப் பீடாதிபதியாகச் சென்றவர் அதன் தலைவரோடு முரண்பட்டு ஓராண்டிலேயே வெளியேறினார். 1922இன் பின்னர் எந்தக் கல்விநிலையத்திலும் அவர் பதவி வகிக்கவில்லை. வாஷிங்டன் ஒன்பதாம் வீதியில் அவர் வாங்கிய வீடே சங்கத்தின் அலுவலகமும் பதிப்பகமும் அவருடைய வதிவிடமும் ஆயிற்று.

வகுப்பறையை விட்டு அவர் விலகினாரேயன்றி, வகுப்பறை அவரை விட்டு விலகவில்லை. 1922இல் வெளிவந்த 'நம் வரலாற்றில் நீக்ரோ' என்ற நூல் பாடநூலாகவே எழுதப்பட்டது. பின்னர் இளையோருக்கும் சிறுவர்க்கும் தனித்தனி நூல்கள் எழுதினார். 1926 பெப்ரவரியில் அவர் தொடக்கிய 'நீக்ரோ வரலாற்று வாரம்' உலகறிந்தது. லிங்கனின் பிறந்தநாளாகிய 12ஆந் திகதியையும், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து விடுதலைக்காகப் போராடிய பிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொள்ளப்பட்ட 14ஆந் திகதியையும் உள்ளடக்கியதாக அவ்வாரம் அமைந்தது. கறுப்பின மக்கள் அவ்விரு நாள்களையும் முன்னரே கொண்டாடி வந்தனர். அறிந்ததிலிருந்து தொடங்குதல் என்ற நாவல் மரத்து நெறியையே இங்கும் காண்கிறோம். அவ்வாரம் ஆண்டு முழுவதும் வகுப்பிலே கற்றதை ஊரார் முன் எடுத்துக்காட்டும் வாரமாக அமையவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஏழு நாள்களுக்கு மட்டும் சில பெரியோரின் படங்களைச் சுவரில் மாட்டிவிட்டு அப்பால் மறந்துவிடும் சடங்காக அது பல இடங்களில் ஆனது. 1976இல் அவ்வாரம் மாதமாக விரிந்து நாட்டின் சனாதிபதியாலும் ஏற்கப்பட்டபின், அச்சடங்கும் நான்கு மடங்காகியது என்று கூறுவோர் உளர். அக்கூற்றை முற்றாக மறுப்பதற்கில்லை. வூட்சன் வேண்டியது நீக்ரோ வரலாறு என்ற தனி வரலாறன்று. வரலாற்றிலே நீக்ரோவுக்குரிய இடம். ஜோர்ஜ் வாஷிங்டனைப் பற்றிக் குறைவாகக் கற்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அமெரிக்கப் புரட்சிப் போரிலே பங்குகொண்ட கறுப்பினப் போர்வீரர் மூவாயிரம் பேரையும் சேர்த்துக் கற்கவேண்டும் என்றே வற்புறுத்தினார்.

முன்னர் எடுத்துக்காட்டிய 'நீக்ரோவின் பிழைக்கல்வி' அவருடைய நூல்களுள் மிகக் கடுமையானது. தம் முன்னோர் உலகுக்கு எதுவும் அளிக்கவில்லை என்று ஒரு பிள்ளைக்கு நாள்தோறும் கற்பித்தால், அப்பிள்ளையை ஒடுக்குவதற்குப் பின்னர் வேறு காவல் தேவையில்லை என்பது அதன் மையக் கருத்து. வீதியிலே நிகழும் வன்கொலைக்கு வித்து வகுப்பறையில் இடப்படுகிறது என்ற அளவுக்கு அவர் செல்கிறார். செய்திகளைச் சேர்த்துக் கொடுப்பது கல்வியாகாது; மனிதர் தாம் இருக்கும் நிலையிலிருந்து தொடங்கித் தம் வாழ்வை மேம்படுத்தச் செய்வதே கல்வி என்கிறார். படித்த கறுப்பினத்தவர் தம் மக்களை விட்டு விலகிச் சென்றுவிட்டனர் என்று இடித்துரைக்கிறார். ஒலிவர் ஜோன்ஸ் வீட்டிலே கல்வியைக் கண்டவர், பட்டதாரிகளிடம் அதனைக் காணவில்லை என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஆனால் இத்தீர்ப்பு முற்றிலும் நேர்மையானதா என்பது ஐயத்துக்குரியது. சீசரையும் சிசரோவையும் கற்பித்த எம் வீதிப் பாடசாலை தன் மாணாக்கரை மக்களிடமிருந்து பிரித்துவிட்டதா? 1911இல் அங்கு கற்று வெளியேறியவர்களுள் சார்ள்ஸ் ஹமில்ரன் ஹூஸ்ரன் என்பவர் ஒருவர். வூட்சன் அப்பாடசாலையின் ஆசிரியராயிருந்த காலம் அது. பாடசாலைகளில் நிலவிய இனப்பிரிப்பை நீதிமன்றத்திலே படிப்படியாகத் தகர்க்கும் வழக்குத் திட்டத்தைப் பிற்காலத்தில் வகுத்த சட்டத்தரணி அவரே. 1913இல் வெளியேறிய ரெய்ஃபோர்ட் லோகன் வரலாற்றறிஞராகி வூட்சனோடு இணைந்து பணியாற்றினார். பழைய பாடவிதானத்தினால் மட்டும் இவர்கள் உருவாயினர் என்று நான் வாதிடவில்லை. அப்பாடவிதானத்தைக் கற்பித்தவர்கள் யார் என்பதும் பாடவிதானத்தைப் போலவே முக்கியமானது. கூப்பரிடம் இலத்தீன் கற்ற கறுப்பினப் பிள்ளை, தன் இனத்தவரால் எது முடியும் என்பதையும் சேர்த்தல்லவா கற்றது? இதனை வூட்சன் அறியாதவரல்லர். சினம் கொண்டு எழுதும்போது அதனை எடுத்துச் சொல்ல அவருக்குப் பொறுமை இருக்கவில்லை.

அவர் கடிந்துரைத்த படித்தவர்களே அவருடைய பணியையும் தாங்கினர். 1921, 1922ஆம் ஆண்டுகளில் வெள்ளையரின் பெரும் அறநிதியங்கள் இரண்டு சங்கத்துக்குத் தலா 25,000 டொலர் அளித்திருந்தன. சங்கத்தைக் கல்லூரியொன்றுடன் இணைத்தால் மேலும் உதவி கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டபோது வூட்சன் இணங்கவில்லை, அந்நிதி வற்றியது. அதன்பின் சங்கம் பிழைத்திருந்தது பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர்கள் அனுப்பிய சிறு தொகைகளினால். அவருடைய உதவியாளர் லொரென்சோ கிறீன் 1930இல் ஹவார்ட் மாணவர் நால்வருடன் மோட்டார்க் காரொன்றில் ஊரூராகச் சென்று நூல்களை விற்றார். பொருளாதார வீழ்ச்சியினால் மக்கள் வேலையிழந்து நின்ற காலம் அது. அந்நிலையிலும் வரலாற்று நூல்களை வாங்கியோரைப் பற்றி அவருடைய நாட்குறிப்புக்கள் சான்று பகர்கின்றன. 1937இல் பாடசாலைகளுக்கென்றே 'நீக்ரோ வரலாற்று இதழ்' தொடங்கப்பட்டது. ஆய்வாளருக்குரிய சஞ்சிகையை விட எளிய நடையில் எழுதப்பட்டு, வகுப்பிலே அப்படியே எடுத்தாளத்தக்கதாய் அது அமைந்தது. அதனைப் பரப்பியோருட் பெரும்பாலார் பெண் ஆசிரியர்கள். மாவட்டக் கல்வி அதிகாரி அனுப்பிய பாடநூலை மேசை மீதும், வூட்சனின் நூலை மேசைக்குள்ளும் வைத்துக் கற்பித்த தென்பகுதி ஆசிரியர்களைப் பற்றி இன்று ஆய்வுகள் வெளிவருகின்றன. தடையை மீறி நடந்த பாடசாலைகளைப் பற்றி அவர் 1915இல் எழுதியது பழங்கதையாகிவிடவில்லை.

வூட்சன் 1950 ஏப்ரல் 3ஆந் திகதி ஒன்பதாம் வீதி வீட்டிலே காலமானார். அதே மாதம் 22ஆந் திகதி ஹூஸ்ரனும் மறைந்தார். பாடசாலைகளில் இனப்பிரிப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பு 1954 மே 17ஆந் திகதி வெளிவந்ததை இருவருமே காணவில்லை. அத்தீர்ப்பு வென்றெடுத்தது பெரிது. அதன் மறுபக்கத்தை நம் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. பாடசாலைகள் ஒன்றிணைக்கப்பட்டபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினத்தவரின் பாடசாலைகளே. வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியர் கற்பிப்பதைப் பெற்றோரும் அதிகாரிகளும் ஏற்காமையால் பல்லாயிரம் ஆசிரியர்கள் வேலையிழந்தனர். வூட்சனின் இதழுக்குச் சந்தா அனுப்பியவர்களும், பெப்ரவரி மாதத்தில் நாடகம் பழக்கியவர்களும் அவர்களே. சுரங்கத்திலிருந்து வந்த இளைஞனாய் அவர் கற்றதும், அதிபராய் இருந்து நடத்தியதுமான ஹண்டிங்ரன் டக்ளஸ் உயர்தரப் பாடசாலை 1961இல் மூடப்பட்டது.